வந்து சேராத கழி

என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு சவுக்குக் கழி சாத்தியிருக்கும். கை நீளம்தான். நுனியில் சுற்றிய சிவப்புத் துணி வெளுத்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் மூன்று மாடி, கிரானைட் தரை, எல்லாம் நான் ஒண்டியாகச் சம்பாதித்துக் கட்டியது. போன முறை பெயின்ட் அடிக்க வந்தவன் டப்பாவைக் கலக்க அந்தக் கழியை எடுத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் மருமகள் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஜல்லி சுமந்து, தார் காய்ச்சி, பிறகு சொந்தமாக ரோடு காண்ட்ராக்ட் எடுத்தவன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் நான் போட்ட ரோட்டில் மழைத்தண்ணி நிற்காது. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டு ஏரிப் பக்கம் ஒரு ரோட்டுவேலை என்னிடம் வந்தது. மழையில் ரோட்டுக்கு அடியில் போன குழாய் உடைந்து, ரோடு உள்வாங்கி, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். பஸ் ஊரைச் சுற்றிப் போனது. எல்லோரும் நச்சரிக்கவே, பாதி அகலத்தைத் திறந்துவிட்டு மீதிப் பாதியில் வேலை பார் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். நடுவில் மண்மேடு, இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியாது. போன் எல்லோர் கையிலும் இல்லாத காலம். அதற்குத்தான் கழி.

ஒரு முனையில் என் மச்சான், என் பெண்சாதியின் தம்பி. மறு முனையில் அவன் பெண்சாதி. மச்சான் தன் பக்கம் விடுகிற கடைசி வண்டியில் கழியைக் கொடுத்து அனுப்புவான். அது அவள் கைக்கு வந்தால் வழி காலி. அவள் ஒரு விசில் ஊதிவிட்டுத் தன் பக்கத்தைத் திறப்பாள். அவளுடைய கடைசி வண்டியில் கழி திரும்பிப் போகும். நடுவில் ஒரு சந்து பிரிந்ததால் மச்சான் கேட்டுத்தான் கொடுப்பான்: "நேரா போறியா, சந்துல பூந்துடுவியா?" என்னையே ஒருநாள் நிறுத்தினான். "கழி வந்து சேராம ரோடு தொறக்காது மாமா. மொதலாளின்னாலும் நில்லு."

இன்னொரு நாள் சாயங்காலம் மழை வலுத்தது. நான் அவள் பக்கத்து முனையில் இருந்தேன். கழி வரவேயில்லை. ஹாரன் காதைக் கிழித்தது. முதலில் நின்ற பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, கழி கல்யாணத்துக்குப் போய்கீதா?"

"ஆமா அண்ணாத்த, பந்தி முடிஞ்சி தாம்பூலம் வாங்கிகினு வரும். நீ இஞ்சின ஆஃப் பண்ணு."

பஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போது மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டது. இவள் விசில் கேட்காததால் மச்சானே தேடி வருகிறான் என்று புரிந்தது. கழி கொண்டுபோனவன் வண்டியோடு பள்ளத்தில் விழுந்துவிட்டானோ என்று ஊதிக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறான். விசில் கிட்டக் கிட்ட வந்தது. பிறகு நின்றுவிட்டது.

குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை அவன் எட்டிப் பார்த்த இடத்தில் கரை சரிந்திருந்தது. முதலில் உள்ளே குதித்தது அந்த பஸ் டிரைவர்தான். தூக்கிப் போட்டபோது விசில் கழுத்துக் கயிற்றில் இருந்தது. உயிர் இல்லை.

கழியை வாங்கிக்கொண்டு போனவன் மாமல்லபுரத்துக் கல்பட்டறையில் வேலை செய்கிறவன். மழைக்கு ஒதுங்கச் சந்தில் திரும்பி, சொந்தக்காரர் வீட்டில் தலை துவட்டி டீ குடித்துக்கொண்டிருந்தான். கழி அவன் மொபெட்டிலேயே செருகியிருந்தது. "மழை வுட்டதும் குட்த்துடலாம்னு இருந்தேங்க" என்று மறுநாள் என் காலில் விழுந்தான். நான் கை ஓங்கவில்லை. கழியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வேலையை முடித்தேன். நான் தொட்ட வேலை எதுவும் பாதியில் நின்றதில்லை. எஸ்டிமேட்டில் ஜல்லி, தார், குழாய், கூலி எல்லாம் இருந்தது. திறப்பு அன்றைக்கு உடைக்கும் பூசணிக்காய்க்குக்கூட 'இதர செலவு' என்று ஓர் இடம் இருந்தது. ரிப்பன் கட்டி, பெரிய மனுஷர்களின் கார்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் அந்தக் கழியை எடுத்துக்கொண்டு, மச்சான் நின்ற முனையிலிருந்து நடந்தேன். மறு முனையில் அவள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"வாங்கிக்கோம்மா. நீ வாங்கினாத்தான் தொறக்கும்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீ ஏண்ணா கொண்டாந்த? உங்கிட்டயா அவுரு குட்த்து வுட்டாரு?"

பின்னால் கைதட்டினார்கள். கார்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒதுக்கிக்கொண்டு போயின.

ஊரப்பாக்கத்தில் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் நான். இன்றைக்கும் அவள் செங்கல்பட்டுக்குப் போனால் சுற்றுவழியில்தான் போவாள். நான் அந்த ரோட்டில்தான் போவேன். என் ரோடு, ஒரு குழி கிடையாது. ஆனால் மழை பிடித்தால் முனையிலேயே காரை நிறுத்தச் சொல்லிவிடுவேன். "வழி காலியாத்தானே கீது சார்?" என்பான் டிரைவர். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது தொழிலுக்கு வந்த பையன்கள் யோசனை கேட்க வீட்டுக்கு வருவார்கள். அந்த ஏரி ரோட்டைத் திறக்க அந்தக் காலத்தில் எவ்வளவு செலவாச்சு என்று கேட்பார்கள். என் கண் கதவுப் பக்கம் போய்விடும்.

"இன்னும் தொறக்கலியேப்பா" என்பேன்.