துணி மூடிய சரஸ்வதி

பேர்லினில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆர்மீனியர்கள் தங்கள் தேவாலய மண்டபத்தைத் தந்ததே பெரிய விஷயம். முன்பிருந்த இடங்களெல்லாம் பிள்ளைகள் போடும் சத்தத்தால் கைவிட்டுப் போயின. இதுவும் போனால் வகுப்பை மூடவேண்டியதுதான். பொறுப்பு என் தலையில். என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கும் இன்னும் முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்கவில்லை.

அந்த ஆண்டு விஜயதசமி சனிக்கிழமையில் வந்தது. படிப்பிக்கிற அக்கா சரஸ்வதி படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சுவரில் சிலுவை, கீழே வீணையோடு சரஸ்வதி.

"அக்கா, படத்தை எடுங்கோ. கண்டினமெண்டால் எங்களை அனுப்பிப்போடுவினம்."

"படமில்லாமல் ஏடு தொடக்க ஏலாது. வேணுமெண்டால் மூடிவிடுறன்."

தன் சால்வையை எடுத்துப் படத்தின்மேல் போட்டார். கற்பூரம் வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒருபடியாக ஒத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் பச்சரிசித் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நின்று செய்துகொண்டிருந்தோம்.

அப்போது பார்த்து மண்டபத்துக்குப் பொறுப்பான ஆர்மீனிய அம்மா உள்ளே வந்தார். துருக்கியில் பிறந்து வளர்ந்தவர், அறுபது வயதிருக்கும். அரிசியைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "பிள்ளைகள் இன்று முதல் எழுத்தை அரிசியில் எழுதுவார்கள். எழுத்துக்கு எங்களிடம் ஒரு தெய்வம் உண்டு. துணிக்குள் இருப்பது அவர்தான்." சொல்லி முடித்தபோதே மண்டபம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அவரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எங்களுக்கும் எழுத்துக்குத் திருநாள் இந்த மாதம்தான். எங்கள் எழுத்தை உண்டாக்கித் தந்தவர் எங்களுக்குப் புனிதர். துணியை எடுங்கள், இப்படி மூடி வைக்கலாமா?"

அப்பாடா! நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. "பாத்தீரே, சும்மா பயந்து செத்தனீர்," என்று அக்கா, ஏதோ தான் பயப்படவே இல்லை என்பதுபோல, சால்வையை உருவினார்.

முதலில் என் மகள். அக்கா அவளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து எழுதுவித்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்த ஆர்மீனிய அம்மா என்னிடம் சொன்னார்: "நான் வளர்ந்த ஊரில் எங்கள் மொழியைத் தெருவில் பேசவே பயம். எழுத்து எங்கே? நாற்பது வயதில் இங்கே வந்துதான் படித்தேன். அந்த வயதில் யார் விரலைப் பிடிப்பார்கள்?"

அக்காவுக்கு ஜெர்மன் மொழி அவ்வளவாக ஓடாது. நான் தமிழில் சொன்னேன்.

"அவவை வரச் சொல்லும்," என்றார் அக்கா.

அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்து அரிசிக்கு முன்னால் இருந்தார். அக்கா அவருடைய விரலையும் பிடித்து, தனக்குத் தெரிந்த அகரத்தையே எழுதுவித்தார்.