சீரியல் ஓடாத நாளின் கதை

ஷைலா காவண்கர் வாயைத் திறந்தால், மும்பைக்குள் போகும் பத்லாப்பூர் லோக்கல் ரயிலில் எங்கள் பெண்கள் பெட்டியே வாயை மூடிக்கொள்ளும். முதல்நாள் ஓடிய மராத்தி சீரியலை மறுநாள் காலை ரயிலில் அவள் சொல்வாள். சீரியலில் மாமியார் ஒரு முறை முறைத்தால் ஷைலா அக்கா சொல்லும்போது மூன்று முறை முறைப்பாள். கதாநாயகி கட்டிய சேலை, நிஜத்தில் அவளுக்கும் வில்லிக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது, எல்லாம் இடையில் வந்து விழும். கையில் போன் பதிவு செய்துகொண்டே இருக்கும். தாதரில் இறங்கி, ஆபீசுக்கு நடந்தபடியே அதை யூடியூபில் ஏற்றிவிடுவாள். துபாயில் இருக்கும் மராத்திப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே சப்பாத்தி தேய்க்கிறார்களாம்.

"நல்ல மைக் வாங்கி வீட்ல ரூம்ல உக்காந்து பேசுங்களேன்" என்று ஒருத்தி யோசனை சொன்னாள்.

"சுவத்துக்கிட்டயா கதை சொல்றது? எதிர்ல ஒருத்தி 'அடப்பாவி'ன்னு சொன்னாத்தான்டி எனக்கு அடுத்த வரியே வரும்!"

அவளிடம் ரகசியம் மட்டும் தங்காது. சொன்னவளையே திட்டுவாள். "ரகசியம்னா என்கிட்ட ஏன் சொன்னே? நான் என்ன பீரோவா?"

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை, சம்பந்தப்பட்டவளிடம் மட்டும் சொல்லாமல், மூன்று வாரம் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். தாணேயில் ஏறும் லீனா தலேகரின் புருஷன், கம்பெனி வேலையாக நாசிக் போவதாகச் சொல்லிவிட்டு வாராவாரம் பத்லாப்பூரில் இன்னொரு வீட்டில் இருந்தான். அங்கே குடியிருக்கும் எங்கள் மங்கல் அவனைக் கண்ணால் பார்த்தாள். தோளில் ஒரு குழந்தை, அது அவனை அப்பா என்று கூப்பிட்டதையும் காதால் கேட்டாள். வெறும் வாயை மெல்லுகிற கூட்டத்துக்கு அவல் கிடைத்தது. தாணே வரும்வரை மெல்லுவோம். லீனா ஏறியதும் சிரித்து இடம் கொடுத்து, அவள் டப்பாவையே வாங்கித் தின்போம். வெட்கம் கெட்ட ஜென்மங்கள் நாங்கள்.

அன்று காலை தாணே தாண்டியதும் லீனா ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி டப்பாவைத் திறந்தாள். ஷைலா அக்கா போனை எடுத்துக் கதையை ஆரம்பித்தாள்.

"நேத்து எபிசோட்ல பாருங்கடி, கதாநாயகி தங்கச்சியைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போறா. ஸ்டேஷன்ல இறங்கினா, எதிர்ல அவ புருஷன். வெளியூர் டூட்டின்னு சொல்லிட்டுப் போனவன். தோள்ல ஒரு குழந்தை. அது அவனை அப்பாங்குது."

அக்காவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். மங்கல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழக்கமாக வருகிற 'அடப்பாவி' எவள் வாயிலிருந்தும் வரவில்லை.

லீனா ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்தாள்.

"அப்புறம் அவ என்ன பண்ணா அக்கா?"

"அது... அங்கதான் தொடரும் போட்டுட்டான்."

"நேத்து அந்த சீரியலே வரல" என்றாள் லீனா. "அவார்டு நிகழ்ச்சி ஓடிச்சு. கடைசிவரைக்கும் உக்காந்து பார்த்தேன்."

அக்கா பதிவை நிறுத்தினாள். அழித்தாள். பிறகு லீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்டி. வரல. பார்த்தது மங்கல். ஊரே உன் முதுகுக்குப் பின்னாடி பேசுது, உனக்கு மட்டும் தெரியல. நேரா சொல்ல எனக்கு வாய் வரல. கதையாத்தான் வந்துச்சு. அடிக்கணும்னா அடி."

லீனா அடிக்கவில்லை, அழவும் இல்லை. எங்கள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்களால் தாங்க முடியவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு, தன் ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே தாதரில் இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. துபாய்க்காரிகள் "என்ன அக்கா, கதை எங்கே?" என்று கேட்டபடி இருந்தார்கள். அக்கா போனைத் தொடவில்லை. "ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேனா?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள்.

திங்கட்கிழமை தாணேயில் லீனா ஏறினாள். நேராக அக்காவிடம் வந்தாள்.

"எழுந்திருங்க அக்கா. அந்த ஜன்னல் சீட்டு இன்னிக்கு எனக்கு."

அந்த சீட்டில் அக்காவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்கா எழுந்தாள்.

"போனைப் போடுங்க. சீரியல்ல என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன்."

அக்கா பட்டனை அமுக்கினாள். பதிவு ஓடியது.

"கதாநாயகி வீட்டுக்குப் போனா. அந்த வீடு அவ அப்பா அவளுக்கு எழுதி வச்ச வீடு. பூட்டை மாத்தினா. அவன் சட்டையெல்லாம் துவைச்சு, இஸ்திரி போட்டு, பையில வச்சு வாசல்ல வச்சா. ஞாயித்துக்கிழமை அவன் நாசிக்லேர்ந்து வந்தான். சாவி போடறான், நுழையல. மறுபடியும் போடறான்."

"அடப்பாவி!" என்று கத்தினாள் மங்கல். பெட்டியே சிரித்தது. எனக்கோ கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கதவுக்கு இந்தப் பக்கம் அவ நிக்கிறா. அவன் கூப்பிடறான். அவ வாயைத் திறக்கிறா..." லீனா நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தாள். "இப்ப விளம்பர இடைவேளை."

"அடியே, கொல்லாதே, சொல்லித் தொலை!" என்று கூவினாள் ஷைலா அக்கா.

தாதர் வந்தது, போனது. அக்கா இறங்க மறந்து நின்றுகொண்டிருந்தாள்.