கொள்ளிடத்தில் தாத்தாவின் குடுமி

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆடிப் பதினெட்டுக்காக அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய சின்ன ஊர். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் உடையார்பாளையம் பக்கத்து மேட்டு நிலக்காரர்கள். ஏரி நிறைந்தாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். அதனால் பிள்ளைகளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு, ஆறு பார்க்கும் ஆசையில் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் எங்களோடு வண்டி ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசக் கூடாது, எதிரே நிற்கவும் கூடாது. தாத்தா கூடத்தில் இருப்பார், அம்மா கதவுக்குப் பின்னால் இருப்பார், நடுவில் நான். தாத்தாவைச் சாப்பிட வரச் சொல் என்று அம்மா என்னிடம் சொல்வது அவர் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நான் போய் ஒரு தரம் சொன்னால்தான் எழுந்திருப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படியே ஓடியிருக்கிறது. அப்பத்தா இதில் ரொம்பக் கறார். தாத்தாவுக்கு எதிரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார் என்பதற்காகச் சித்தியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி, மாதக்கணக்கில் கூப்பிடாமலே விட்டவர்.

ஆடிப்பெருக்கு அன்று ஆற்றோரத்துப் பிள்ளைகள் சப்பரம் இழுப்பார்கள். சாமி படம் ஒட்டிய சின்ன மரத்தேர். தாய்மாமா செய்துகொடுத்த சப்பரத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தம்பி கரையெல்லாம் ஓடினான். ஆறு கரை தொட்டு, கலங்கலாகச் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் இருக்கும் இடமாயிற்றே என்று தாத்தா எங்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிவந்துவிட்டார்.

ஆற்றங்கரைக்காரர்கள் வெள்ளக் காலத்தில் விளிம்பில் கால் வைக்கமாட்டார்கள். மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்து வைத்திருக்கும். தாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரிக்கரை. சப்பரம் உருண்டு விளிம்புக்குப் போனதும் தம்பி அதன் பின்னாலேயே ஓடினான். தாத்தா எட்டிப் பிடித்து அவனைப் பின்னால் தள்ளினார். அடுத்த நொடி அவர் நின்ற இடமே இல்லை. மண்ணோடு சேர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

நான் போட்ட கூச்சலில் எல்லோரும் தாத்தா விழுந்த இடத்துக்கு ஓடிவந்தார்கள். அம்மா மட்டும் ஆறு போகும் திசையில் கரையோடு ஓடினார். பயந்துபோய் எங்கேயோ ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ தாத்தாவை முந்தி ஓடி, புடவையை வாரிச் செருகிக்கொண்டு, ஆறு வளையும் இடத்தில் குதித்தார். தண்ணீரே தாத்தாவைத் தன்னிடம் கொண்டுவரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவரைக் கேட்டது யார்?

தாத்தா கைகாலை உதைத்துக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். பிடித்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்கள். அம்மா விலகிப் பின்பக்கம் போய், தாத்தாவின் குடுமியைக் கொத்தாகப் பிடித்தார்.

"மாமா, கைய ஒதறாதீங்க. வானத்தப் பாத்து சும்மா கெடங்க."

ஊரே தாத்தாவுக்குக் கட்டுப்படும், அவர் யாருக்கும் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னபடி கிடந்தார். அம்மா அவரை இழுத்துக்கொண்டே நாணல் புதருக்கு ஒதுங்க, மாமாவும் மற்றவர்களும் தூக்கிக் கரையில் போட்டார்கள்.

தாத்தா தண்ணீரைக் கக்கி எழுந்து உட்கார்ந்ததும், இவ்வளவு நேரம் இல்லாத பயம் அம்மாவுக்கு வந்துவிட்டது. ஈரப் புடவையோடு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாமனாரின் குடுமியைப் பிடித்து இழுத்த மருமகளை அப்பத்தா வீட்டில் சேர்ப்பாரா என்பது எனக்கே சந்தேகம்தான். தாத்தா கோபமாக இருக்கிறாரா என்று பார்த்துவர அம்மா என்னை அனுப்பினார். போய்க் கேட்டேன். தாத்தா அவிழ்ந்த குடுமியை முடிந்துகொண்டே, மெதுவாகச் சொன்னார்.

"உங்கம்மாளுக்குக் கை வலிக்குதான்னு கேட்டுட்டு வா."

மறுநாள் ஊர் திரும்பினோம். வண்டிக்கு முன்னால் சேதி போய்விட்டது. வாசலில் அப்பத்தாவோடு உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். அம்மா துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகச் சொன்னால் அப்படியே போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

தாத்தா முதலில் இறங்கினார். யாரும் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"நான் ஆத்துல விழுந்துட்டேன். என் மருமவதான் குதிச்சு, குடுமியப் புடிச்சு இழுத்தாந்து போட்டா. இல்லன்னா இன்னிக்கு நீங்கள்லாம் வேற காரியத்துக்குக் கூடியிருப்பீங்க. இதுல கொற சொல்லணும்னா என்கிட்ட சொல்லுங்க."

பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்து, "எறங்கி உள்ள போம்மா" என்றார். அப்பத்தா வாசலிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார்.

அதற்குப்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தா இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். தான் கத்தியதையும் கட்டிப்பிடிக்கப் பார்த்ததையும்கூட விடமாட்டார். அம்மா ஆற்றில் குதித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் எனக்கு யாராவது உதவி செய்து, அதை வெளியே சொன்னால் கௌரவம் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போடும்போதெல்லாம், நனைந்த குடுமியை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்த தாத்தாதான் கண்முன்னே வருகிறார். இன்னார்தான் எனக்கு உதவினார் என்று நானும் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.