எட்டு அடுக்குக்கு ஏற்ற மெஷின்

சுமதிராஜ் நயினாரின் பை கிழிந்தது 1981 தீபாவளிக்கு முந்தின வாரம். பட்டுப்புடவைகளை ஊர் ஊராக எடுத்துப்போய்க் கடைகளுக்குக் கொடுக்கிற வியாபாரி அவர். பஸ் கூரைமேல் ஏற்றும்போது கைப்பிடி பிய்த்துக்கொண்டு, இருபது புடவைகள் ஆரணி பஸ் ஸ்டாண்டுச் சேற்றில் விழுந்தன. நயினார் நேராக ஆரணிப்பாளையத்துக்கு வந்து கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றார்.

கன்னியம்மா ஜாக்கெட் தைக்கிறவள். அம்மா நாற்று நடக் கூலிக்குப் போன காலத்தில், பஞ்சாயத்து யூனியன் நடத்திய தையல் வகுப்பில் கற்றுக்கொண்டாள். வகுப்பில் பதினாறு பேர். அதில் மெஷினைக் கழற்றித் திரும்பப் பூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "இதெல்லாம் பொம்பளைங்க தொடுற எடம் இல்ல" என்று ரிப்பேர்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த ரோஷத்தில் கற்றுக்கொண்டது.

"இதத் தச்சுக் குடு கன்னியம்மா" என்றார் நயினார்.

அவள் கிழிசலைத் தடவிப் பார்த்தாள். "பழசத் தச்சா திரும்பப் பிரிஞ்சிடுங்க. புதுசாவே ஒண்ணு தச்சுத் தர்றேன். நாலு நாள் குடுங்க."

பை எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொன்னவன் அவள் புருஷன் எல்லப்பன். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். "மூட்டையக் காதப் புடிச்சா தூக்குவோம்? அடியில இல்ல கை குடுப்போம்" என்றான். கன்னியம்மாவுக்குப் பொறி தட்டியது. கைப்பிடிப் பட்டியை மேலே மட்டும் தைக்காமல், பையின் அடிவயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தாள். தடித்த நைலானும் பட்டியும் சேர்ந்து எட்டு அடுக்கு. மிதி மெஷினில் முதல் அடியிலேயே ஊசி உடைந்தது. செருப்பு தைக்கிற குத்தூசியை வாங்கிக் கையாலேயே தைத்து முடித்தாள். விரல் நான்கும் கொப்பளித்தன.

பை பிரமாதமாக நின்றது. பொங்கலுக்குள் இன்னும் பதினொரு வியாபாரிகள் கேட்டு வந்துவிட்டார்கள்.

"இது கைவேலைக்கு அடங்காது, மெட்ராஸ் போவலாம்" என்றாள் கன்னியம்மா. தைக்காத பை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இருவரும் பஸ் ஏறினார்கள்.

பாரிமுனைக்குப் பக்கத்துத் தெருவில் மெஷின் கடை. கடைக்காரர் துரைக்கண்ணு பளபளவென்று பச்சை மெஷின் ஒன்றைக் காட்டினார். சுவிட்சைப் போட்டதும் அது குதிரை மாதிரி பாய்ந்தது. எல்லப்பன் வாயைப் பிளந்தான். "இதுவே எடுத்துக்கலாம் கன்னிம்மா!"

"சட்டை தைக்க நல்லா இருக்கும்" என்று அவள் பையை ஊசிக்கடியில் வைத்தாள். மூன்று தையல் விழுந்தது, நாலாவது விழவில்லை. அடுத்த மெஷின் எட்டு அடுக்கையும் குத்தியது. ஆனால் அடிப்பாகத்தைத் தைக்கத் திருப்பினால், ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே இருந்த சாண் இடத்தில் பை நுழையவே இல்லை.

"பையச் சின்னதாத் தைங்களேன்" என்றார் துரைக்கண்ணு.

"புடவையச் சின்னதா நெய்வாங்களா?"

கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அதற்குள் கடையின் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே சாக்கு மூடி ஒரு மெஷின் கிடந்தது. கறுப்பு, எருமை கனம். ஊசியைத் தாங்குகிற கை மட்டும் ஒன்றரை முழம் நீளம்.

"அது கூடாரத் துணி தைக்கிறதும்மா. ஆம்பளைங்களே தடுமாறுவாங்க. பேஜார் புடிச்ச மெஷின்."

கன்னியம்மா முதலில் மோட்டாரைத் தொடவில்லை. சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினாள். துணியை அழுத்துகிற பாதம் ஊசியோடு சேர்ந்து நடந்து, மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் ஒன்றாக இழுத்துப்போனது. சுருட்டிய பை நீளக்கைக்கு அடியில் தாராளமாகப் படுத்துக்கொண்டது. புரட்டிப் பார்த்தாள். அடிநூல் ஒரு இடத்திலும் தொங்கவில்லை. அப்புறம்தான் சுவிட்சைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள்.

"இதான்" என்றாள். "ஆனா ஓட்டம் ஜாஸ்தி. மோட்டார் பக்கத்துச் சக்கரத்தச் சின்னதா மாத்திக் குடுங்க, நிதானமா ஓடும். எங்க வீட்டுக் கரண்டுக்கு ஏத்த மோட்டாரா இருக்கணும்."

துரைக்கண்ணு எல்லப்பனைப் பார்த்தார். "உங்க வீட்டம்மா எங்க வேல பாக்கறாங்க?"

"வீட்லதாங்க" என்றான் எல்லப்பன், மார்பை நிமிர்த்தி.

அரிசி இறக்கிவிட்டுத் திரும்பிய களம்பூர் லாரியில் மெஷின் வந்தது. மில் ஆட்கள் ஆறு பேர் தூக்கியும் வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். உள்ளே வைத்தால் மண் தரையில் கால் இறங்கியது. எல்லப்பன் கருங்கல் பலகை இரண்டைப் புதைத்து அதன்மேல் நிறுத்தினான்.

முதல் பை தைத்து முடித்தபோது தெருவே கூடிவிட்டது. "தாங்குமா?" என்று யாரோ கேட்க, எல்லப்பன் பைக்குள் காலை விட்டு உட்கார்ந்துகொண்டான். மில் ஆட்கள் கழியில் மாட்டித் தூக்கினார்கள். மூட்டை தூக்குகிறவனே மூட்டையாகத் தெருக்கோடி வரை போய் வந்தான். ஒரு நூல்கூட விடவில்லை. நயினார் மறுநாளே ஐந்து பை சொல்லியனுப்பினார்.

ஐந்து வருஷத்தில் கன்னியம்மாவோடு முனியம்மாவும் தனகோடியும் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஜாக்கெட் தைப்பதை அவள் விட்டுவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

எண்பத்தேழு ஆடியில், படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண் மடியில் ஒரு நீலப் பையை வைத்திருந்தாள். அடியைச் சுற்றிய பட்டியையும் தான் தைத்த தையலையும் கன்னியம்மா ஒரு பார்வையில் கண்டுகொண்டாள்.

"பை நல்லா இருக்குதே, எங்க வாங்கினீங்க?"

"இது டெல்லி மாலுங்க" என்றாள் அந்தப் பெண் பெருமையாக. "நம்ம ஊர்ல இவ்ளோ கெட்டியா யாரு தைக்கறாங்க?"

பக்கத்தில் இருந்த எல்லப்பன் எழப் பார்த்தான். கன்னியம்மா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். படவேடு வருகிற வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.