மேல்பக்கம் உடைந்த முட்டை

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் ஒரே முட்டையை ஆறு முறை உடைத்தவள் நான். முட்டைகள் வேறு வேறுதான். குற்றம் ஒன்றே என்பதால் அப்படிச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு நிறைமாதம். முந்தைய பிள்ளை ஏழாம் மாதத்திலேயே தவறிப்போயிருந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், போகிற வழியில் உடம்பு குலுங்கவே கூடாது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். கார் ஓட எண்ணெய் கிடையாது. இருந்ததெல்லாம் அம்மாவின் தம்பியான மாமாவின் சைக்கிளும், அதன் பின்னால் கட்டி இழுக்கும் இரண்டு சக்கர வண்டியும்தான். நாடு முழுக்க ரப்பர் மரம் நின்றது. சக்கரத்துக்கு மாட்ட ஒரு டயர் கிடைக்கவில்லை. மாமா தடித்த கயிற்றைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். ராணுவ லாரிகள் குழி பறித்துப் போட்ட சாலையில் அந்த வண்டி போனால் உட்கார்ந்திருப்பவரின் பல் தந்தியடிக்கும். அப்பா பகலெல்லாம் புக்கிட் பாருவில் மரவள்ளிக் கொல்லையில் கிடந்ததால், தன் அக்காவைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்தது.

மாமா துணிக்கொடியில் ஒரு சாரோங் கைலியை அடியை மடித்துத் தொங்கவிட்டு, அதன் மேல் ஒரு முட்டையை ஓங்கி எறிந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். துணி பின்வாங்கி, முட்டையை மெல்ல வாங்கி மடியில் போட்டுக்கொண்டது.

"பாத்தியாக்கா? குழிய நம்மளால தடுக்க முடியாதுலா. அடி ஒரேயடியா வந்து விழக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா வந்து சேரணும், அவ்வளவுதான்."

மறுநாளே சோதனை தொடங்கியது. வண்டியில் தென்னைநார் மெத்தை, அதன் மேல் நான், என் மடியில் ஒரு சிரட்டை, சிரட்டைக்குள் முட்டை. பெரிய சாலைவரை போய்த் திரும்புவதற்குள் முட்டை உடையாவிட்டால் அம்மா அதில் ஏறலாம். உடைந்தால் வீணாக்காமல் பொரித்து எனக்குத் தருவார்கள்.

அந்தக் கடைசி விதியில்தான் கோளாறு. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்கு செத்துக் கிடந்த காலம் அது. வீட்டில் இருந்த இரண்டு கோழிகள் இடும் முட்டை அம்மாவுக்கு என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அம்மா பாதியைப் பிட்டுக் கொடுத்தாலும், "பாப்பாவுக்கும்மா" என்று தள்ளிவிடும் நேர்மை எனக்கு இருந்தது. ஆனால் உடைந்த முட்டை யாருடைய கணக்கிலும் சேராது என்பது என் நியாயம். வண்டி திரும்பும் இடத்தில், மாமாவின் முதுகு எனக்கு நேராக இருக்கும்போது, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன்.

மாமா சிரட்டையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். மறுநாள் நாருக்கு மேல் இலவம்பஞ்சு சேர்ந்தது. முட்டை உடைந்தது. அதற்கடுத்த நாள் மூங்கில் பத்தைகளை வளைத்து அடியில் கட்டினார். அதற்கும் உடைந்தது. கடைசியில் வண்டிக்குச் சட்டம் அடித்து, பிள்ளைக்குத் தூளி கட்டுவதுபோல் இரட்டைச் சாரோங்கைத் தொங்கவிட்டார். அரசகுமாரிபோல ஆடிக்கொண்டே போய், ஆறாவது முட்டையையும் உடைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை ருசியான முட்டையை அதன்பின் நான் தின்றதில்லை.

ஏழாம் நாள் காலை, அம்மா வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"தம்பி, இன்னைக்கே போயிடலாமா?"

"முட்ட ஒருவாட்டி முழுசா வரட்டும்க்கா. அதுக்கப்புறம் போவோம்." மாமா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் கட்டைவிரலால் அம்மா ஆஸ்பத்திரிக்கே போகாமல் நின்றுவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். அன்று சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன். முட்டை முழுசாக வீடு திரும்பியது.

"பிள்ள பொறக்கறதுக்குள்ள நான் தூளியில ஏறிட்டேன்" என்று சிரித்தபடி அம்மா ஏறிப் படுத்தாள். நான் வண்டியின் பின்னாலேயே ஓடினேன். ஜப்பான்காரனின் காவல் சாவடியில் எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும். அம்மாவால் இறங்க முடியவில்லை. சிப்பாய் தூளிக்குள் எட்டிப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொல்லிக் கைகாட்டினான். அன்று சாயங்காலம் தம்பி பிறந்தான். அவன் அழுத அழுகையில் அந்த வார்டே விழித்துக்கொண்டதாம். சந்தோஷத்தில் மாமா ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

தம்பியின் கல்யாணத்தன்று, பந்தியில் எல்லாருக்கும் முன்னால் நான் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மாமா சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை.

"அடி கீழேருந்து வருது. முட்ட மேல்பக்கம் எப்படி உடையும்? மொத நாளே தெரியும்லா. ஒங்கம்மாகிட்ட சொன்னேன். 'குடுத்தா வாங்க மாட்டேங்கறா, எலும்பும் தோலுமா கெடக்கா, எனக்கு நாள் இருக்கு, சோதனை நடக்கட்டும்'னுட்டா."

அந்த ஆறு நாளும் நான் முட்டை தின்றபோது அம்மா அடுப்படியில் நின்று என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முட்டை உடைந்ததற்கு இவள் ஏன் சிரிக்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.