கள்ளப் பை

இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் கடிதமும் கையுமாக அலைந்து பழகியவன் நான். பழைய சைக்கிள் வாங்கினாலும் பற்றுச்சீட்டில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படிப்பட்ட நான், கோயில் தேரன்று தெருவோரம் மேசை போட்டு நின்றவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி எந்த ஊர்?"

அவர் எங்கள் ஊரைச் சொன்னார். குளத்தடிப் பக்கம் என்றார். அதோடு என் விசாரணை முடிந்தது. மேசையில் துணிப் பைகள் குவிந்திருந்தன. வன்னியில் இருக்கும் ஒரு சிறுவர் இல்லத்தின் பெயர், அதற்குக் கீழே ஒரு குடைக்குள் இரண்டு பிள்ளைகள் நிற்கும் படம். "விக்கிற காசு முழுக்கப் பிள்ளையளுக்குத்தான் அண்ணை" என்றார். அடுத்த மாதம் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடு. வருகிறவர்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கப் பை தேவைப்பட்டது. ஒரு பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தேன். டுசல்டோர்ஃபில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் என் கையாலேயே கொடுத்தேன். போதாததற்கு, பைக்காசு பிள்ளைகளுக்குப் போகிறது என்று மேடையேறி ஒலிவாங்கியில் அறிவிக்கவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

விழாவுக்கு வந்தவர்களில் அந்த இல்லத்துக்காக இங்கே சங்கம், அதாவது ஃபெரைன், நடத்தும் அக்காவும் ஒருவர். முதியோர் விடுதியில் தாதி வேலை, லீவு நாளெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கான அலைச்சல். போகும்போது பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கட ஃபெரைன்ர பை இல்லைத் தம்பி. ஆரோ எங்கட படத்தைப் பாத்து அடிச்சிருக்கினம்."

அவர் கோபிக்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுவதும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, அது கள்ளப் பை, நான் ஏமாந்துபோனேன் என்று சொன்னேன். சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன். ஊரிலும் விசாரித்தேன். குளத்தடியில் அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருடத் தேருக்கு அக்கா தன்னுடைய பைகளோடு வந்தார். இவை விற்றால்தான் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் ரீச்சரைத் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அதே பெயர், அதே குடை. வந்தவர்கள் படத்தைக் கண்டதும் ஒரு சிரிப்போடு நகர்ந்தார்கள். மத்தியானமாகியும் ஒரு பைகூடப் போகவில்லை. எனக்குக் கால் கடுத்தது, மனமும் விட்டுப்போனது.

எங்கள் விழாவுக்கு வந்திருந்த வயதான அண்ணை ஒருவர் கிட்ட வந்தார்.

"இது அந்தக் கள்ளப் பையல்லோ?"

"இல்லை அண்ணை, இதுதான் உண்மையானது. நம்பி வாங்குங்கோ."

"போன முறையும் நீர்தானே தந்தனீர்?"

அக்கா அவசரமாக, முத்திரை குத்திய சங்கக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி எந்த ஊர்?"

அக்கா சொன்னார். அவருக்கு அங்கே யாரையும் தெரியாது போலிருக்கிறது. "சரி, பிறகு வாறன்" என்று போய்விட்டார்.

அக்கா கடிதத்தை மடித்து உள்ளே வைத்தார்.

"ரீச்சருக்கு நானே சொல்லுறன் தம்பி" என்றார்.