நீர்நாய்க் குட்டியும் அப்பாவின் வேட்டியும்

தண்ணீரில் பல நாள் ஊறி அழுகிய துணியைத் தூக்கும்போது முதலில் தெரிவது நாற்றமல்ல, வழவழப்பு. பாசியும் சேறும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் ஒன்றாகக் குழைந்து விரலிடுக்குகளில் ஏறும். நாற்றம் அடுத்த மூச்சில்தான் வந்து தொண்டையில் உட்காரும். பதினோரு வயதில், தை மாசி ஞாயிற்றுக்கிழமைகளில், பாபநாசம் படித்துறைக்குச் சற்றுக் கீழே தாமிரபரணியில் இறங்கி நின்று நான் தெரிந்துகொண்டது இது. நான் அங்கே போனது என்னவோ நீர்நாய் பார்க்கத்தான்.

திருநெல்வேலியில் அப்போது இயற்கை ஆர்வலர்களின் கழகம் ஒன்று இருந்தது. பத்துப் பதினைந்து பேர் விடிந்ததும் ஆற்றோரமாக நடந்து, கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அறிவியல் டீச்சர் அதில் உறுப்பினர் என்பதால், அவரோடு என்னையும் அனுப்ப அம்மா சம்மதித்தாள். வீட்டில் அதற்குப் பெயர் "குருவி எண்ணப் போறது". கழகச் செயலாளர் ஒரு வங்கி ஊழியர், எல்லோருக்கும் "அண்ணாச்சி". நீண்ட லென்ஸ் வைத்த கேமரா அவர் கழுத்தைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மேலப்பாளையத்திலிருந்து வரும் ஃபாத்திமா அக்கா கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். பாறைமேல் கிடக்கும் நீர்நாய் எச்சத்தைக் குச்சியால் கிளறி, "நேத்து ராத்திரி நண்டு தின்னுருக்கு" என்று சொல்லும்போது அவள் முகத்தில் அருவருப்பின் சுவடே இருக்காது.

மூன்றாவது ஞாயிறன்று நீர்நாய்களைப் பார்த்தோம். மடுவின் அக்கரைப் பாறையில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும். பிறகுதான் கவனித்தேன், சின்னக் குட்டியின் கழுத்தில் சேலைக் கிழிசல் ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது. அது பாறையில் கழுத்தைத் தேய்த்தது, முன்காலால் பிராண்டியது, தாய் பல்லால் கவ்வி இழுத்தது. ஆழமான மடுவைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. அண்ணாச்சி மட்டும் கேமராவை இறக்காமல், "கொஞ்சம் இருங்க, அது திரும்பட்டும். துணி தெரிஞ்சா கண்காட்சிக்கு வைக்க முடியாது" என்றார்.

அடுத்த வாரம் அந்தக் குட்டி பாறையிடுக்கில் ஊதிக் கிடந்தது. ஈ மொய்த்த அந்தக் கழுத்தில் சேலையின் ஜரிகை மட்டும் பளிச்சென்று இருந்தது. நான் மணலில் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கே ஃபாத்திமா அக்கா சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். அந்தப் படித்துறையில் தோஷம் கழிக்க முங்குகிறவர்கள் உடுத்தியிருக்கும் துணியை ஆற்றோடு விட்டுவிடுவது வழக்கம். அத்தனையும் வேர்களிலும் பாறைகளிலும் சிக்கிக் கிடந்தது.

"இங்க பாரும்மா, நாம பாக்க வந்தவங்க, குப்பை வார வந்தவங்க இல்ல" என்றார் அண்ணாச்சி.

"நீங்க பாருங்க அண்ணாச்சி. நான் எடுக்கேன்."

அதன்பிறகு மற்றவர்கள் மேலே நடந்து போவார்கள். டீச்சர் கரையில் காவலுக்கு உட்கார, நாங்கள் இருவரும் கீழே துணி இழுப்போம். உள்பாவாடை, லுங்கி, குழந்தையின் சட்டை, யாருடையது என்றே தெரியாத முடிக்கற்றை சுற்றிய துண்டு. வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டாலும் சோற்றில் கை வைக்கக் கூசும்.

அந்த மாசியில் அப்பா படுக்கையில் கிடந்தார். அரிசி ஆலையில் வேலை பார்த்தவர் இருமலில் ரத்தம் துப்பினார். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அம்மா ஜோசியரிடமும் போயிருந்தாள். "உடுத்த துணியோட முங்கி, அத அங்கனயே ஆத்துல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். துணி போற வழியில சீக்கும் போயிரும்" என்பது அவர் வாக்கு. போகும் நாளை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு காலை நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது மேலே படித்துறையில் அம்மாவைக் கண்டேன். மாமா தாங்கிப் பிடிக்க, எலும்பும் தோலுமாக அப்பா மூன்று முறை முங்கினார். புது வேட்டியை மாற்றியதும், பழையதை அம்மா காலால் தண்ணீருக்குள் தள்ளினாள். மூவரும் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார்கள். வேட்டி பையப் பைய மிதந்து என்னிடமே வந்தது. ஓரத்தில் ஆலை எந்திரத்தின் கறுப்பு எண்ணெய்க் கறை.

"யாரு வேட்டியோ, எடுட்டி, வேருல மாட்டப் போவுது" என்று ஃபாத்திமா அக்கா சாக்கை விரித்தாள்.

அதைத் தொட்டால் அப்பா செத்துப்போவார் என்று நான் நம்பினேன். நம்பிக்கொண்டேதான் எடுத்தேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டால், குட்டியின் கழுத்துதான் கண்முன் நின்றது என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஆறு மாதமும் ஒவ்வொரு இருமலுக்கும் விழித்துக்கொண்டேன். வேளை தவறாமல் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். அப்பா தேறினார், ஆலைக்கும் திரும்பிப் போனார். அம்மா தெருவெல்லாம் சொன்னாள்: "எங்க வீட்டாள ஆறுதான் காப்பாத்திச்சு." அவள் சொல்லைக் கேட்டுச் சித்தி போனாள், பக்கத்து வீட்டு அக்கா போனாள், மருமகளுக்குப் பிள்ளையில்லை என்று இன்னொருத்தி சேலை, ஜாக்கெட்டோடு போனாள். பலருக்கு அம்மாவே துணைக்குப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. அழுகிய துணியைவிட எனக்கு அதிகம் குமட்டுவது அந்த மௌனம்தான்.

செயலாளர் மாற்றலாகிப் போனதும் கழகம் கலைந்துவிட்டது. அவர் எடுத்த படம் பெரிதாக்கப்பட்டு ஒரு வங்கிக் கிளையின் சுவரில் சிலகாலம் தொங்கியது. அந்தக் குட்டி கழுத்தை மறைத்துக்கொண்டு அழகாகத் திரும்பியிருக்கும். போன மாதம் என் மகளோடு அதே மடுவுக்குப் போய்க் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நீர்நாய் வரவில்லை. பாறையில் எச்சம்கூட இல்லை. கரையில் டீக்கடை வைத்திருப்பவர், "இங்கன நீர்நாயா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். துணி மட்டும் குறையவில்லை. டிராக்டர் வைத்து அள்ளுகிறார்களாம்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். தங்கை மகளுக்கு வரன் தள்ளிப்போகிறதென்று, அவளை வெள்ளிக்கிழமை படித்துறைக்குக் கூட்டிப்போகப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தாள் அம்மா. உள்ளறையில் அப்பா செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அம்மா, அப்பா வேட்டி ஆத்தோட போகல. நான்தான் எடுத்துச் சாக்குல போட்டேன். அப்பா பொழச்சது மாத்திரையில."

அம்மா சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி,

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா, வேற வேட்டிய விட்டிருப்பேம்லா, ஏட்டி" என்றாள்.